நூற்றெட்டுத் தையல்

அறுநூறாவது ஹோம் ரன்னைப் பார்த்துவிட
கிளீவ்லேண்டில் முப்பதாயிரம் பேர் கூடியிருந்த இரவில்
நான் ஓசி டிக்கெட்டில் வந்தவள்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
கையுறை கிடையாது. மடியில் பாதி ஹாட் டாக்.

விளக்குகளுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைப் புள்ளி
வர வரப் பெருத்து முகமாகியது.
எல்லோரும் எழுந்தார்கள், எழுந்தேன்.
கடைசி சீட்டில் எவனோ எழும்போது
கண் தானாகக் கண்ணாடிக்குப் போகுமே
அப்படிப் போனது இடது கை.

சத்தம் கேட்கவில்லை, வலிதான் கேட்டது.
குனிந்து பார்த்தால் கைக்குள் பந்து,
முழங்கை வரை கடுகு சாஸ்.

பக்கத்து இருக்கை டெரெல் பிஞ்ச்,
கையுறையோடு மூன்று நாள் விடுப்பெடுத்து வந்தவர்,
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது என்பார்கள்.
அவருக்குக் கைக்கே எட்டவில்லை.

கீழே ஓர் அறைக்குக் கூட்டிப்போனார்கள்.
நீல விளக்கடியில் பந்தைத் திருப்பினார்கள்,
ஒளித்துவைத்த எண் மினுங்கியது.
அசல், என்றார்கள்.
எலிஸியோ பாத்திஸ்தா கையெழுத்திட்ட மட்டை இரண்டு,
அவரோடு ஒரு படம், அடுத்த பருவம் முழுக்க டிக்கெட்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
அதற்குள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நடுவிரலில் கீறல். மூன்று வாரம் பேருந்தைத் தொடக்கூடாது,
சம்பளமும் இல்லை. எக்ஸ்ரேயைப் பார்த்தபடியே
"பந்து பத்திரமா?" என்றார் மருத்துவர்.
ஏலக்காரர் ஒருவர் நான்கு லட்சம் டாலர் என்றார்.
வரி தெரியுமா என்று பயமுறுத்தினார் கணக்காளர்.
ஆறு வருடமாகப் பேசாத தங்கை கணவன்
போன் செய்து வானிலை விசாரித்தான்.

பந்து ரொட்டி டப்பாவில் இருந்தது.
ராத்திரி எடுத்துப் பார்ப்பேன்.
நூற்றெட்டுத் தையல் என்றார்கள், எண்ணினேன்,
இரண்டு முறை தவறி மூன்றாவதில் சரியாக வந்தது.
ஒரு பக்கம் மட்டை உராய்ந்த தழும்பு.
மறுபக்கம் ஒன்றுமில்லை.
அங்கேதான் இருந்திருக்கும்
இன்னொருவனின் இரண்டு விரல்.

கோல்பி ரென்ஷா. வயது இருபத்திரண்டு.
டெட்ராய்ட்டுக்காக அது அவனுடைய ஆறாவது ஆட்டம்.
அந்த வாரம் முழுக்கத் தொலைக்காட்சியில் எறிந்துகொண்டே இருந்தான்,
ஒவ்வொரு முறையும் கழுத்தைத் திருப்பி
தன் தலைக்கு மேல் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.
மறுநாளே கீழ் அணிக்கு இறக்கி
டொலீடோவுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

சனிக்கிழமை ஒரு கையால் டொலீடோவுக்கு ஓட்டினேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.
வலப்பக்கம் ஏரி வந்தும் மறைந்தும் வந்தது.

வேலியோரம் நின்று பையிலிருந்து எடுத்தேன்.
உலகத்தில் எல்லாப் பந்துக்கும் ஒரே முகம்தான்.
ஆனாலும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"உனக்குத்தான், வச்சுக்கோ."
"வேண்டாம் மேடம்," சிரித்தான்,
"ஏற்கெனவே ஒருமுறை கொடுத்துட்டேன்."

அப்புறம் கேட்டான்: "கை எப்படி இருக்கு?"

பந்தை விட்டுவிட்டுக் கையைக் கேட்ட முதல் ஆள்.
கட்டைப் பிரித்தேன். உள்ளங்கையில் தையல் தடம்,
ஊதா போய்ப் பச்சையாகி, ஓரத்தில் மஞ்சள்.
கம்பி வழியே விரல் நீட்டி
அந்த வளைவைத் தொடாமல் தொடர்ந்தான்.
"ஸ்லைடர்," என்றான்.
"கடைசியில வளையணும். வளையவே இல்லை."
யாரோ கூப்பிட, போய்விட்டான்.

திரும்பும்போது கப் ஹோல்டரில்
அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது பந்து.
காபிக்குத்தான் இடமில்லை,
தொடைகளுக்கிடையில் இடுக்கிக்கொண்டேன்.
ஏலக்காரர் இரண்டு முறை அழைத்தார்.
வலது கை ஸ்டியரிங்கில்.
இடது கைக்கு இன்னும்
எதையும் பிடிக்க வரவில்லை.